செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பப் பயண வண்டிகள்: இழுவையின் வரலாறு

குடும்பப் பயண வண்டி என்பது பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோருடன் உணவு, பாத்திரம், படுக்கை முதலியவற்றையும் ஏற்றிக்கொண்டு, தானாக நகராமல் வேறொன்றால் இழுத்துச் செல்லப்படும் ஊர்தியாகும். உமணர்களின் உப்புச் சகடம், கூண்டு வண்டி, வில்வண்டி, கால்வாய்ப் படகு, இன்று காரின் பின்னால் கொளுவி இழுக்கப்படும் பயண டிரெய்லர் ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. பாலாற்றின் வடிநிலமும் ஏரிகளும் உப்பங்கழிகளும் கொண்ட செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் இத்தகைய பயணத்திற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

இந்த நீண்ட காலத்தில் இழுக்கும் விசை மாடு, மனிதர், குதிரை, டிராக்டர், கார் என மாறியுள்ளது. ஆயினும் வண்டிக்கு ஏற்ற இழுவையைத் தேர்ந்தெடுப்போர் எதிர்கொண்ட கேள்விகள் பெரிதும் மாறவில்லை. பாரம் எவ்வளவு, அது வண்டியில் எங்கே அமர்ந்திருக்கிறது, வழி எத்தகையது, இறக்கத்தில் யார் நிறுத்துவது என்பவையே அக்கேள்விகள். 'இழுக்குமா?' என்பதைவிட 'தாங்குமா, நிறுத்துமா?' என்பதே பெரிய கேள்வி என்பதை இப்பகுதியின் வரலாறு தொடர்ந்து காட்டுகிறது.

உமணர் சகடங்கள்

சங்க இலக்கியத்தில் உப்பு வணிகர் உமணர் எனப்பட்டனர். கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டு ஊர்களுக்கு வண்டிகளில் கொண்டுசென்று விற்ற இவர்கள், குடும்பத்துடனேயே பயணம் செய்தனர். இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தின் செய்யூர்ப் பகுதியில் உப்பளங்கள் உள்ளன.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உமணர் சகடம் ஒன்றை மிக நுணுக்கமாக விவரிக்கிறது. ஆரக்கால்கள் பொருத்திய சக்கரம், முழவு போன்ற குடம், கணைய மரம் போன்ற பருத்த பார்மரங்கள், புல் வேய்ந்த கூரை ஆகியவை அதன் அமைப்பு. கூரை வேய்ந்த அவ்வண்டியிலேயே கோழிக்கூடு உண்டு; சிறிய உரல் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது; முன்புறத்தில் காடி வைத்த கலம் இருக்கிறது. குழந்தையுடன் இருக்கும் தாய் எருதுகளை ஓட்டுகிறாள். வலிமை மிக்க ஆடவர் வண்டி வரிசையின் இருமருங்கும் நடந்து காவல் செய்கின்றனர். வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிய இக்காட்சி, தமிழில் கிடைக்கும் குடும்பப் பயண வண்டி வருணனைகளுள் மிகப் பழையது எனலாம். இந்நூலில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை மாமல்லபுரத்தோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு.

சிறுபாணாற்றுப்படை, கொற்கைப் பகுதியைப் பாடுமிடத்தில், உமணர் வண்டிகளுடன் வந்த குரங்கு ஒன்று உமணர் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆடுவதைக் காட்டுகிறது. குழந்தைகள் மட்டுமன்றி வளர்ப்பு விலங்குகளும் உடன் சென்றன என்பது இதனால் தெரிகிறது.

வழியின் இடர்களை உமணர் நன்கு அறிந்திருந்தனர். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (102) ஒன்றில், இன்றைய வாகன ஓட்டிகளும் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. எருதுகள் இளையவை, நுகத்திற்குப் பழகாதவை. வண்டியிலோ சரக்கு மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. எனவே உமணர் வண்டியின் அடியில் மற்றொரு அச்சைக் கட்டி வைத்துக்கொண்டு புறப்படுகின்றனர். 'சேம அச்சு' எனப்பட்ட இந்த மாற்று அச்சையே ஔவையார் பொகுட்டெழினிக்கு உவமை ஆக்கினார். இழுப்பதன் அனுபவம், ஏற்றிய பாரம், வழியின் மேடுபள்ளம் ஆகிய மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்னும் அறிவு அக்காலத்திலேயே இருந்ததற்கு இப்பாடல் சான்றாகும்.

திருக்குறளில் 'வலியறிதல்' என்னும் அதிகாரம் அச்சு முறிவதை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மயிற்பீலியாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அதன் கருத்து. பீலி எடையற்றது போலத் தோன்றும். வண்டியில் ஏறும் சிறுசிறு பொருள்களும் அப்படித்தான்.

மாடு தேர்ந்தெடுத்தல்

மோட்டார் வாகனங்கள் வருவதற்கு முன் ஒரு குடும்பம் வண்டி வாங்குவது எளிது. வண்டிக்கு ஏற்ற மாடு வாங்குவதே கடினம். வண்டியைத் தச்சர் செய்து தருவார். மாட்டைச் சந்தையில் பார்த்துத் தேற வேண்டும்.

தமிழகத்தில் வேலைக்கேற்ற மாட்டினங்கள் இருந்தன. காவிரி வடிநிலத்தின் உம்பளச்சேரி மாடுகள் சேற்று வயலில் உழைப்பதற்குப் பெயர் பெற்றவை. கொங்கு நாட்டுக் காங்கயம் மாடுகள் பாரம் இழுப்பதில் சிறந்தவை. வடக்கே ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்த ஓங்கோல் மாடுகள் உருவில் பெரியவை. மெதுவாக நடந்தாலும் பெரும் பாரத்தை இழுக்கும். மைசூர்ப் பகுதியின் ஹள்ளிக்கர் போன்றவை விரைந்து ஓடக்கூடியவை. நெல் மூட்டை ஏற்றும் பாரவண்டிக்கு ஏற்ற மாடு, ஆள் ஏறும் வில்வண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சீரான நடையும் மிரளாத குணமுமே குடும்ப வண்டி மாட்டின் முதல் தகுதிகள்.

மாட்டின் வயதைப் பல்லைக் கொண்டு கணித்தனர். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று படிப்படியாகக் கூறுவது வழக்கம். பாலியப் பருவத்தில் இருக்கும் காளையை முழுப் பாரத்திற்குப் பூட்டுவதில்லை. உயரம், நடை இரண்டிலும் ஒத்த இரண்டு மாடுகளை ஜோடி சேர்ப்பது தனித் திறமை. ஒன்று உயரமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருந்தால் நுகத்தடி சாயும். பாரம் ஒன்றின் கழுத்திலேயே விழும். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் நடந்தால் வண்டி வழியை விட்டு விலகும்.

நல்ல மாட்டைச் சோதிப்போர் மேட்டில் ஏற்றிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. இறக்கத்திலும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுப் பகுதியில் இதற்குக் காரணம் உண்டு. கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி போன்ற பெரியவையும் எண்ணற்ற சிற்றேரிகளும் உள்ள இந்நிலத்தில் வண்டிப்பாதை பல இடங்களில் ஏரிக்கரை மேல் ஏறி இறங்கும். கரையில் ஏறும்போது மாடு முழங்காலை ஊன்றி இழுத்தால் போதும். இறங்கும்போது வண்டியின் முழுப் பாரமும் பின்னாலிருந்து மாட்டைத் தள்ளும். அப்போது கழுத்தை உயர்த்தி, பின்னங்கால்களை ஊன்றி, பாரத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த மாடே நம்பத்தக்கது. தாங்கத் தெரியாத மாடு இறக்கத்தில் ஓடத் தொடங்கும். வண்டி குடை சாய்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முன்பாரம், பின்பாரம்

இரண்டு சக்கர மாட்டு வண்டி ஒரு தராசு போன்றது. அச்சு அதன் நடுமுள். அச்சுக்கு முன்னால் சுமை மிகுந்தால் முன்பாரம் என்றும், பின்னால் மிகுந்தால் பின்பாரம் என்றும் வண்டிக்காரர்கள் சொல்வர்.

முன்பாரம் அளவு கடந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். கழுத்தில் புண் உண்டாகும். மாடு விரைவில் களைக்கும். பின்பாரம் ஏற்பட்டால் நுகத்தடி மேலெழும். மாட்டின் கழுத்தைச் சுற்றியுள்ள பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாட்டின் கால் தரையில் சரியாக ஊன்றாது. இரண்டிலும் பின்பாரமே அதிக ஆபத்தானது. ஆகவே நுகத்தடி கழுத்தில் சற்றே அமரும்படி, சிறிதளவு முன்பாரம் இருக்குமாறு ஏற்றுவதே முறை.

செங்கல்பட்டுக்கு 1870களில் தென்னிந்திய இரயில் பாதை வந்த பிறகு, இரயிலில் இறங்கியவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்ல வண்டிகளை அமர்த்தினர். ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுள்ள இவ்வழியில் மாட்டு வண்டி ஓடும் நேரம் அரை நாளைத் தாண்டக்கூடும். குதிரை பூட்டிய ஜட்கா வண்டிகளும் அக்காலத் தமிழக நகரங்களில் பரவலாக இருந்தன. ஜட்காவில் ஏறியவரிடம் "சாமி, கொஞ்சம் முன்னே தள்ளி உட்காருங்க" என்று வண்டிக்காரர் சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல. பின்பாரத்தைச் சரிசெய்யும் வேலையைப் பயணிகளைக் கொண்டே அவர் செய்தார். பருமனானவர் முன்னே, குழந்தைகள் நடுவே, இலேசான மூட்டை பின்னே என்பது எழுதப்படாத விதி.

கால்வாய்ப் படகும் கரையில் இழுத்தவர்களும்

மாமல்லபுரம் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே அமைந்துள்ளது. சென்னையிலிருந்து குடும்பத்துடன் மாமல்லபுரம் வருவோருக்கு நல்ல சாலை அமைவதற்கு முன் இக்கால்வாயே முக்கிய வழியாக இருந்தது.

சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1801ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கொக்கிரேன் கால்வாய் இதன் முதற்பகுதி. 1837ஆம் ஆண்டு அரசு இதை ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கே பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீட்டிக்கப்பட்டு, ஏறத்தாழ 420 கி.மீ. நீளம் உடையதாயிற்று. 1876–78 ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878ஆம் ஆண்டு கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

உப்பு, விறகு, நெல் ஏற்றிய படகுகளோடு பயணிகள் படகுகளும் இதில் ஓடின. மாலையில் ஏறினால் இரவு முழுதும் படகிலேயே படுத்துறங்கி, மறுநாள் மாமல்லபுரத்தில் இறங்கலாம். சமைக்கவும் படுக்கவும் இடம் இருந்ததால் குடும்பங்களுக்கு இது வசதியானது. காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். காற்று இல்லாதபோது கோல் ஊன்றித் தள்ளுவர், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பர்.

பாரதிதாசன் எழுதிய 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதை இத்தகைய கால்வாய்ப் பயணம் ஒன்றைப் பற்றியது. 1938ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் கவிதைத் தொகுதியில் இது இடம்பெற்றது. இயற்கையின் அழகோடு, தோளில் கயிற்றைப் போட்டுக் கரையில் படகை இழுத்துச் செல்லும் தொழிலாளியின் துன்பத்தையும் கவிஞர் அதில் பாடியுள்ளார். படகில் இருப்போருக்கு அது இன்பச் சுற்றுலா. கரையில் இருப்பவருக்கு அது கழுத்து நோகும் இரவு.

இழுவையின் வரலாற்றில் இக்கவிதைக்குத் தனி இடம் உண்டு. பயணிகள் பெரும்பாலும் வண்டியின் உள்ளே இருக்கும் வசதியையே பார்க்கின்றனர். அவ்வசதியின் முழு எடையையும் வெளியே ஒன்று சுமக்கிறது என்பதை அவர்கள் காண்பதில்லை. மாடாயினும் மனிதராயினும் இழுப்பவரின் அளவை மறந்து ஏற்றும்போது, துன்பம் முதலில் இழுப்பவருக்கும் பின்னர் ஏறியவருக்கும் வருகிறது.

சாலைப் போக்குவரத்தின் வளர்ச்சியாலும் 1965, 1966 ஆண்டுகளின் புயல்களாலும் கால்வாய்ப் போக்குவரத்து நலிந்தது. 2008ஆம் ஆண்டு தேசிய நீர்வழி 4 அறிவிக்கப்பட்டபோது இக்கால்வாயும் அதில் சேர்க்கப்பட்டது.

நிறுத்தும் கலை: முட்டுக்கட்டை

பெரும் பாரத்தை இழுப்பதைவிட நிறுத்துவது கடினம் என்பதற்குக் கோயில் தேர் சிறந்த எடுத்துக்காட்டு. திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயிலின் சித்திரைத் தேர்த் திருவிழாவிற்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து குடும்பங்கள் கூண்டு வண்டிகளில் வந்து தங்குவது முன்பு வழக்கமாக இருந்தது.

தேரின் வடத்தைப் பல நூறு பேர் பிடித்து இழுக்கலாம். ஆனால் நகர்ந்துவிட்ட தேரை வடத்தால் நிறுத்த முடியாது. வடம் முன்னோக்கி மட்டுமே இழுக்கும். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தின் அடியில் மரக்கட்டை கொடுப்பவரின் வேலை. முட்டுக்கட்டை எனப்படும் அக்கட்டையை எந்த நொடியில், எந்தச் சக்கரத்தில், எந்தக் கோணத்தில் வைப்பது என்பது வழிவழியாகக் கற்கப்படும் தொழில். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்பது தடங்கலைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தேரடியில் அது உயிர் காக்கும் கருவி.

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்கள் ஒரே பாறைத்தொடரில் செதுக்கப்பட்டவை. அவற்றின் அருகில் யானை, சிங்கம், எருது ஆகியவற்றின் சிலைகளும் உள்ளன. ரதம் என்று பெயர் பெற்ற இக்கோயில்கள் எவராலும் இழுக்கப்படாதவை. ஓடும் தேர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

டயர் வண்டியும் டிராக்டரும்

விடுதலைக்குப் பின் மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும் கொண்ட வண்டிகளுக்கு மாற்றாகக் காற்றடைத்த டயர் வண்டிகள் பரவின. தரையின் உராய்வு குறைந்ததால் அதே ஜோடி மாடு முன்னைவிட அதிகப் பாரத்தை இழுத்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் எளிதாக உருளும் சக்கரம் இறக்கத்திலும் எளிதாகவே உருளும். இழுக்கும் வேலை குறைந்தது. தாங்கிப் பிடிக்கும் வேலை கூடியது.

அடுத்து வந்தது டிராக்டர். உழவுக்காக வந்த டிராக்டர், அறுவடைக் காலத்தில் டிரெய்லரை இழுத்தது. திருவிழாக் காலத்தில் அதே டிரெய்லரில் ஊர் மக்கள் ஏறினர். கோயில் திருவிழா, காதுகுத்து, திருமணம் ஆகியவற்றுக்கு டிராக்டர் டிரெய்லரிலும் 'குட்டி யானை' எனப்படும் சிறிய சரக்கு வண்டியிலும் குடும்பமாகச் செல்வதை இன்றும் காணலாம்.

இதுவே குடும்ப இழுவைப் பயணத்தின் மிக ஆபத்தான வடிவம். டிராக்டரின் இழுவிசை பெரியது. எத்தனை பேர் ஏறினாலும் இழுத்துவிடும். ஆனால் பல டிரெய்லர்களில் தனி பிரேக் இல்லை. பக்கப் பலகையைத் தவிரப் பிடிமானம் இல்லை. நின்றுகொண்டு வரும் மக்களால் பாரத்தின் மையம் மேலெழுகிறது. வளைவில் திரும்பும்போதோ ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போதோ பின்னாலிருக்கும் டிரெய்லர் முன்னாலிருக்கும் டிராக்டரைத் தள்ளிவிடுகிறது. சரக்கு ஏற்றும் டிரெய்லரில் பயணிகளை ஏற்றுவது சட்டப்படி தவறு. அச்சட்டத்தின் பின்னால் இருப்பது மாட்டு வண்டிக்காரர் அறிந்திருந்த அதே உண்மை: இழுக்க முடிந்தது எல்லாம் நிறுத்த முடிந்தது ஆகாது.

மேல்நாட்டில் கேரவன்

தமிழ்நாட்டில் கேரவன் என்றவுடன் பலருக்கும் திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் வண்டியே நினைவுக்கு வரும். உலக வழக்கில் அச்சொல் தங்கும் வசதி கொண்ட பயண வண்டியைக் குறிக்கிறது. தானே இயந்திரம் கொண்ட வண்டி ஒருவகை. காரின் பின்னால் இழுக்கப்படும் டிரெய்லர் மற்றொரு வகை.

பொழுதுபோக்கிற்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன்களுள் ஒன்று, 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவருக்காகச் செய்யப்பட்ட 'வாண்டரர்'. பிரிஸ்டல் நகரின் வண்டித் தொழிற்சாலை ஒன்று அதைக் கட்டியது. இரண்டு குதிரைகள் அதை இழுத்தன. 1919ஆம் ஆண்டு பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கப்படும் கேரவன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1930களில் அமெரிக்காவில் வாலி பையம் உருவாக்கிய, பளபளக்கும் அலுமினிய உடல் கொண்ட ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்கள் புகழ்பெற்றன. எடை குறைந்தால் சிறிய காரும் இழுக்கலாம் என்பது அவ்வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்று.

இந்தியாவில் டிரெய்லர் வகைக் கேரவன்கள் இன்னும் அரிதே. 2021ஆம் ஆண்டு கேரளம் 'கேரவன் கேரளா' என்னும் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆகவே காரைப் பதிவு செய்திருப்பது மட்டும் போதாது; டிரெய்லருக்கும் பதிவு தேவை.

காரைத் தேர்ந்தெடுத்தல்: பழைய கணக்கு, புதிய பெயர்கள்

பயண டிரெய்லரை இழுக்கும் காரைத் தேர்வதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல்கள், மாட்டு வண்டிக் கணக்கோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன.

முதலாவது, இழுவை எல்லை. தயாரிப்பாளர் தரும் கையேட்டில் அக்கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது குறிக்கப்பட்டிருக்கும். எந்த அளவும் குறிக்கப்படாத கார் இழுவைக்கு உரியதல்ல என்று கொள்வதே பாதுகாப்பு. பிரிட்டனில் புதிதாகக் கேரவன் இழுப்போருக்கு, கேரவனின் முழு எடை காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்று அறிவுரை கூறப்படுகிறது. காரைவிட டிரெய்லர் கனமாக இருந்தால், வாலே நாயை ஆட்டும் நிலை உண்டாகும்.

இரண்டாவது, முன்பாரம். டிரெய்லரின் முன்முனை காரின் கொளுவியில் அழுத்தும் எடையே இது. அமெரிக்க வழக்கில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இவ்வாறு முன்னால் விழ வேண்டும் என்பர். ஐரோப்பிய வழக்கில் இந்த அளவு சற்றுக் குறைவு. முன்பாரம் மிகுந்தால் காரின் பின்பகுதி தாழும்; முன் சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து திருப்புவது கடினமாகும். பின்பாரம் ஏற்பட்டால் டிரெய்லர் பாம்பு போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். நுகத்தடி தூக்கும் மாட்டு வண்டிக்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றே.

மூன்றாவது, குடும்பத்தின் எடை. பலர் தவறும் இடம் இதுவே. காருக்கு இழுவை எல்லை இருப்பது போலவே, தன்மேல் சுமக்கும் எல்லையும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள டிரெய்லரின் முன்பாரம் 10 விழுக்காடு என்றால் 100 கிலோ. காரில் ஐந்து பேர், ஒருவருக்குச் சராசரி 65 கிலோ என்றால் 325 கிலோ. காருக்குள் வைக்கும் பைகள், தண்ணீர், உணவு ஆகியவை 75 கிலோ. ஆக மொத்தம் 500 கிலோவைக் காரின் சக்கரங்களும் வில்களும் தாங்க வேண்டும். டிரெய்லர் 1,000 கிலோதான், கார் 1,200 கிலோ இழுக்கும் என்று மகிழ்ந்தவர், காரின் சுமை எல்லை 450 கிலோ என்பதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். தனியாக ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்த கார், குடும்பம் ஏறியதும் எல்லை கடந்துவிடுகிறது. குறள் சொல்லும் மயிற்பீலி இங்கே குடிநீர்க் குடுவையாகவும் பாட்டியின் பையாகவும் வருகிறது.

நான்காவது, பிரேக். ஆட்களுடன் 2,200 கிலோ உள்ள காரின் பின்னால், பிரேக் இல்லாத 1,000 கிலோ டிரெய்லரைக் கொளுவினால், காரின் பிரேக் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடையை நிறுத்த வேண்டியிருக்கும். வேகம் இருமடங்கானால் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே ஓரளவுக்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குத் தன் சக்கரங்களில் தனி பிரேக் இருக்க வேண்டும். கார் வேகத்தைக் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே தானாக இயங்கும் பிரேக் அமைப்பும் உண்டு. மின்சாரத்தால் இயங்குவதும் உண்டு.

ஐந்தாவது, காரின் கட்டமைப்பு. முன், பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் மிகுந்த கார் டிரெய்லரின் ஆட்டத்தை நன்கு தாங்கும். குறைந்த வேகத்திலேயே மிகுந்த திருகுவிசை தரும் இயந்திரம் மேட்டில் உதவும். கோடை வெயிலில் பாரம் இழுக்கும்போது இயந்திரம் சூடேறாமல் இருக்கக் குளிர்விப்பு அமைப்பு வலுவாக இருக்க வேண்டும். மின்சாரக் கார்கள் நல்ல திருகுவிசை உடையவை. ஆனால் டிரெய்லர் இழுக்கும்போது ஒருமுறை மின்னேற்றத்தில் செல்லும் தொலைவு பெரிதும் குறையும்.

கடற்கரைச் சாலையின் தன்மை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிரெய்லர் இழுப்பதற்கு இவ்விடத்திற்கே உரிய சில கவனங்கள் தேவை. கடலிலிருந்து வீசும் காற்று வண்டியின் பக்கவாட்டில் மோதும். உயரமான டிரெய்லர் பாய் விரித்த படகு போல அக்காற்றை வாங்கும். விரைந்து கடந்து செல்லும் பேருந்தும் காற்றால் டிரெய்லரை முதலில் தள்ளி, பின்னர் இழுக்கும். ஆட்டம் தொடங்கினால் பதற்றத்தில் காரின் பிரேக்கை அழுத்தமாக மிதிப்பதோ ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புவதோ கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, முடுக்கியிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும்.

கடலோர மணலில் சக்கரம் புதையும். நான்கு சக்கர இழுவை இருந்தாலும் பாரத்துடன் மணலில் இறங்குவது ஆபத்தே. உப்புக் காற்று கொளுவி, சங்கிலி, பிரேக் ஆகியவற்றைத் துருப்பிடிக்கச் செய்யும். கொளுவி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி காப்புச் சங்கிலி கட்டுவது அவசியம். உமணரின் சேம அச்சுக்கு இன்றைய ஈடாக, டிரெய்லருக்கென்று ஒரு மாற்றுச் சக்கரம் இருக்க வேண்டும். காரின் மாற்றுச் சக்கரம் பெரும்பாலும் டிரெய்லருக்குப் பொருந்தாது.

கடற்கரையில் குடும்பத்துடன் தங்குவது இப்பகுதிக்குப் புதிதன்று. மாசி மாதப் பௌர்ணமியில் இருளர் இன மக்கள் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, சேலைகளால் மறைப்புக் கட்டித் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் நடத்துகின்றனர். வீட்டைத் தற்காலிகமாகக் கடற்கரைக்குக் கொண்டுவரும் இவ்வழக்கத்திற்கு விலை உயர்ந்த வண்டி எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் பாதுகாப்பாக வந்து திரும்ப வேண்டும் என்பது மட்டுமே தேவை.

புறப்படுமுன்

மாட்டு வண்டிக் காலத்தில் பயணம் புறப்படுமுன் கடையாணி, பூட்டாங்கயிறு, அச்சுக்கு இடும் மை ஆகியவற்றைப் பார்ப்பதும், வண்டியைச் சில அடி நகர்த்தி முன்பாரம் சரியா என்று கவனிப்பதும் வழக்கம். இன்றைய பயணிக்கும் அதே வரிசை பொருந்தும்: கொளுவியும் சங்கிலியும் பூட்டப்பட்டுள்ளனவா, டயரில் காற்று உண்டா, டிரெய்லரின் பின்விளக்குகள் எரிகின்றனவா, கனமான பொருள்கள் அச்சுக்கு அருகில் தாழ்வாக வைக்கப்பட்டுள்ளனவா. எல்லாரும் ஏறி, எல்லாப் பொருளும் ஏற்றிய பின் காரையும் டிரெய்லரையும் எடை மேடையில் நிறுத்தி எடை பார்ப்பது சிறந்தது. நெடுஞ்சாலை ஓரங்களில் சரக்கு லாரிகளுக்கான எடை மேடைகள் கிடைக்கின்றன. அங்கே கிடைக்கும் சீட்டில் உள்ள எண்ணைக் காரின் கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். எண் கூடுதலாக இருந்தால், பொருளைக் குறைப்பதா, டிரெய்லரை மாற்றுவதா, காரை மாற்றுவதா என்று வீட்டு வாசலிலேயே முடிவு செய்யலாம். ஏரிக்கரை இறக்கத்தில் அதற்கு நேரம் இருக்காது.